சிவப்பு மையும் சிப்பாயின் ஓய்வூதியமும்

ராணுவத்தில் சேரத் துடிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறது. ராணுவச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. நடத்தைத் தாளில் சிவப்பு மையில் விழும் ஒரு வரி என்ன செய்யும் என்று, சேரும் முன்பே அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பேன்.

1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், 80ஆவது பிரிவில், கட்டளை அதிகாரிக்கு ஓர் அதிகாரம் தருகிறது. ராணுவ நீதிமன்றம் கூடாமலே அவர் ஒருவரே விசாரித்து, சிப்பாயை 28 நாள் வரை காவலில் வைக்கலாம். விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்பியது, குடித்திருந்தது போன்ற குற்றங்கள் இப்படித்தான் முடிக்கப்படுகின்றன. 63ஆவது பிரிவு இன்னும் அகலமானது. 'ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் கேடான செயல்' என்று அதிகாரி கருதும் எதையும் அதற்குள் அடக்கலாம்.

தண்டனை 28 நாளில் முடிந்துவிடும், பதிவு முடியாது. இலேசான தண்டனை கறுப்பு மையில் ஏறும். காவல் போன்றவை சிவப்பு மையில். சிவப்புப் பதிவு நான்கு சேர்ந்தால், 'விரும்பத்தகாதவர்' என்று வீட்டுக்கு அனுப்பும் நடவடிக்கை தொடங்கலாம். சிப்பாய்க்கு ஓய்வூதியம் கிடைக்க 15 ஆண்டு பணி வேண்டும். 12ஆம் ஆண்டில் வெளியே தள்ளப்பட்டவருக்கு அது இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சில நாள் கூடுதலாகத் தங்கியதன் விலை, ஒரு குடும்பத்தின் ஆயுள்கால வருமானமாகிவிடும்.

நான்கு பதிவு இருந்தாலே தானாக வெளியேற்றிவிட முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றத்தின் தன்மை, பணியாற்றிய ஆண்டுகள், கடினமான இடங்களில் பணி செய்தாரா என்பதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ராணுவத் தலைமையகத்தின் 1988ஆம் ஆண்டுக் கடிதமே கூறுவதை அது எடுத்துக்காட்டியது. ஆனால் முழுமையான விசாரணை தேவையில்லை, விளக்கம் கேட்டு முடிவெடுத்தால் போதும் என்று 2019இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் வரம்பு கட்டியது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்பீர்கள். 2007ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 'எவ்வகை விடுப்பும்' தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வராது என்கிறது. விடுப்பு தராதது சரியா என்று கேட்க அங்கே இடமில்லை. விடுப்பின்றி இருந்ததற்குத் தண்டனை மட்டும் உண்டு.

ஒழுங்கு இல்லாமல் படை நடக்காது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. ஒரே தவறுக்கு ஒருவனைத் திட்டி அனுப்பவும் இன்னொருவனுக்குச் சிவப்பு மை போடவும் ஒரு மனிதருக்கு அதிகாரம் இருக்கையில், அந்த மனிதரின் கையில் சாதி இருக்காது என்று எப்படி நம்புவது? 'வீர இனம்' என்ற கோட்பாட்டைச் சொல்லி மகர்களுக்குப் படையின் கதவைச் சாத்தினான் வெள்ளைக்காரன். அண்ணல் அம்பேத்கரின் தந்தையோ அதே படையில் சுபேதாராக இருந்தவர். ஜாட், ராஜ்புத் என்ற பெயர்களோடு இன்றும் படைப்பிரிவுகள் இருக்கின்றன. சாதிக்கு வெளியே நிற்கும் நிறுவனம் என்று எதைச் சொல்வது?

அமெரிக்காவில் இந்தக் கேள்வியை நிறத்தை வைத்துக் கேட்டார்கள். அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பு 2019இல் ஆய்வு செய்தபோது, கறுப்பினப் படைவீரர்கள் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் வாய்ப்பு வெள்ளையரைவிட அதிகம் என்று தெரிந்தது. சிறு தண்டனைகளைப் பற்றிச் சில படைகளில் முழுமையான பதிவுகளே இல்லை என்பதும் வெளிப்பட்டது. எண்ணாத இடத்தில்தான் பாகுபாடு பத்திரமாக இருக்கும்.

2022இல் வந்த அக்னிபத் திட்டம் இதை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. நான்கு ஆண்டு முடிவில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரமாக்கப்படுவர். அந்த நான்கு ஆண்டுச் செயல்பாடும் பார்க்கப்படும். இனி நான்கு பதிவு வரை காத்திருக்கவும் தேவை இருக்காது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு சிறு தண்டனைக்கும் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். விடுப்பு மறுப்பைத் தீர்ப்பாயம் விசாரிக்க வேண்டும். யார் யாருக்குச் சிவப்பு மை விழுகிறது என்பதைச் சாதிவாரியாக எண்ணி வெளியிட வேண்டும். எல்லையில் நிற்பவனுக்கு 'ஜெய் ஜவான்' முழக்கத்தைவிட இவை மூன்றும் உதவும்.