கேட்பது பேராசையன்று



மந்தாரக்குப்பத்தில் பி.காம். முடித்த மகளுக்குச் சென்னையிலுள்ள நிதி நிறுவனமொன்றிலிருந்து பணி நியமனக் கடிதம் வருகிறது. சம்பளம் சற்றுக் குறைவு. கூட்டிக் கேட்கலாமா என்று அவள் தயங்குகிறாள். "கிடைத்ததே கிருபை, வாயைத் திறவாதே" என்கிறோம் நாம். அது ஆவிக்குரிய ஆலோசனையன்று, அச்சம்.

அச்சத்தின் காரணம் விளங்குகிறது. 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட நாள்முதல் நம் ஊர் அறிந்தது ஊதிய விகிதத்தையே. நிரந்தரத் தொழிலாளருக்காகச் சங்கம் பேசிற்று. தனியார் நிறுவனத்திலோ உங்கள் மகளுக்காகப் பேச அவளைத் தவிர ஒருவருமில்லை.

சம்பளத்தில் திருப்தியாயிருக்கும்படி யோவான்ஸ்நானன் போதிக்கவில்லையா என்பீர்கள். யாருக்குப் போதித்தார்? அதிகாரத்தைக் காட்டிப் பணம் பறிக்கக்கூடிய போர்ச்சேவகருக்கு! அதைக்கொண்டு வேலை தேடும் பெண்ணின் வாயை அடைப்பது நியாயமா? கூலி என்னவென்று லாபான் கேட்டபோது யாக்கோபு வெட்கப்படாமல் சொன்னான். லாபான் பின்னர் அதைப் பலமுறை மாற்றினான். ஆகவே ஒப்புக்கொண்டதை எழுத்தில் பெறுங்கள்.

முதலில் கடிதத்தைக் கூர்ந்து வாசியுங்கள். ஆண்டுக்கு 3,00,000 ரூபாய் என்றிருந்தால் மாதந்தோறும் 25,000 கைக்கு வருமென்று எண்ணாதீர்கள். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கும் பணிக்கொடையும் அத்தொகைக்குள்ளேயே அடங்கியிருக்கக்கூடும். 15,000 ரூபாய் அடிப்படைச் சம்பளமெனில், 12 விழுக்காடு வீதம் இரு பங்கும் சேர்ந்து மாதம் 3,600 ரூபாய். அது சேமிப்பே, ஆயினும் சென்னையில் விடுதி வாடகைக்கு உதவாது.

பின்பு நன்றியோடு, ஒரு தொகையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். டேலி, எக்செல் பயிற்சி இருப்பின் அதையே காரணமாகச் சொல்லுங்கள். கையில் இல்லாத வேறொரு வேலையை இருப்பதாகச் சொல்லாதீர்கள். பொய்யினால் வரும் ஆயிரம் ரூபாய் நமக்கு வேண்டாம். மறுத்தால், ஆறு மாதங்களுக்குப்பின் மறுபரிசீலனை உண்டா என்று கேளுங்கள். ஆண்டு உயர்வு பெரும்பாலும் விழுக்காட்டில் கணக்கிடப்படுகிறது. முதற்சம்பளத்தில் விழுந்த குறை ஆண்டுதோறும் கூடவே வரும்.

பெற்றோரே, நேர்மையாய்க் கேட்டபின் கிடைத்ததை மகிழ்வோடு ஏற்பதே மனநிறைவு. கேட்க அஞ்சியதற்கு அப்பெயரைச் சூட்டாதிருங்கள். இவ்வாரம் அத்தகைய கடிதம் உங்கள் வீட்டில் இருக்குமானால், மகளை மௌனமாக்காமல் அவளருகே அமர்ந்து அதை வாசியுங்கள்.