கிணறு வெட்டச் சொன்ன வைத்தியம்

சர்க்கரை நோயாளியை நடக்கச் சொல்வது புது வைத்தியம் அல்ல. பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை மதுமேகத்தை அன்றே இரண்டாகப் பிரித்துவிட்டது: பிறவியோடு வருவது ஒன்று, தின்பதாலும் அசையாமல் கிடப்பதாலும் வருவது இன்னொன்று. கையில் காசில்லாத நோயாளிக்கு அது சொன்ன வழி, குடையும் செருப்பும் இல்லாமல் நூறு யோசனைத் தூரம் நடப்பது. கிணறு வெட்டுவதையும் மருந்தாகவே சொன்னது.

செருப்பைக் கழற்றச் சொன்னதை மட்டும் இன்று ஏற்க முடியாது. நோயால் உணர்ச்சி மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. அந்தப் புண் காலையே எடுக்கும் அளவுக்குப் போய்விடும். கிணற்றை மட்டும் நாம் மறந்திருக்கக் கூடாது. மண்வெட்டி பிடிப்பது தோளுக்கும் முதுகுக்கும் தொடைக்கும் வேலை. சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைப்பது தசைதான். நம் காலத்து மருந்துச் சீட்டில் அந்த வைத்தியம் 'தினமும் வாக்கிங்' என்று சுருங்கிப்போனது.

1921இல் டொரான்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் இந்தப் பழைய வைத்தியம் காலாவதியாகவில்லை. தானே சர்க்கரை நோயாளியான லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ், உடலை அசைத்தால் அதே அளவு இன்சுலின் கூடுதலாக வேலை செய்கிறது என்று 1926இல் காட்டினார். காரணம் பிற்பாடு தெரிந்தது. இரண்டாம் வகை நோயில் இன்சுலின் எவ்வளவு தட்டினாலும் தசையின் கதவு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கும்போது, சர்க்கரையை உள்ளே இழுக்கும் புரதங்கள் இன்சுலினை எதிர்பாராமலேயே செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. இந்தப் பலன் ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். சேர்ந்தாற்போல் இரண்டு நாளுக்கு மேல் உடற்பயிற்சியை விடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.

நோய் வரும் வாசலில் நிற்பவர்களுக்கும் இது பலிக்குமா? சீனாவின் எண்ணெய் நகரமான டாச்சிங்கில் 1986இல் 577 பேரிடம் சோதனை தொடங்கினார்கள். ஆறு ஆண்டு முடிவில், சும்மா விடப்பட்டவர்களில் 67.7 சதவீதம் பேருக்கு நோய் வந்திருந்தது. உடற்பயிற்சிக் குழுவில் 41.1 சதவீதம்.

எனக்கு இதைவிட நெருக்கமானது சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழு செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு. 531 பேர், மூன்று ஆண்டு. வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, நாளுக்கு அரை மணி நேரமாவது நடக்கச் சொல்லப்பட்டவர்களில் 39.3. மெட்ஃபார்மின் மாத்திரை தின்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். நடந்தவர்களின் எடையோ பெரிதாகக் குறையவில்லை! தராசு முள் அசையவில்லை என்று மனம் தளர்ந்து நடையை நிறுத்தியவர்களை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம். அவர்களிடம் யாராவது இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

நேரமில்லை என்பவர்களுக்கு நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016இல் ஒரு வழி காட்டியது. அரை மணி நடையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தவர்களுக்குச் சர்க்கரை இன்னும் நன்றாக இறங்கியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தபோது மிக அதிகம். அதோடு வாரம் இரண்டு மூன்று நாள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது போதும். கிணறு வெட்டுவதில் கொஞ்சம் கைக்கு வந்துவிடும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்திவிடும் மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்கட்டும். சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பத்து நிமிடத்தை எங்கே நடப்பது? நடைபாதையில் டிரான்ஸ்பார்மரும் பைக்கும் நிற்கின்றன. பூங்காவைப் பூட்டியாகிவிட்டது. தெருவிளக்கு எரியாத சந்தில் ஐம்பது வயதுப் பெண்மணி தனியாக எப்படி இறங்குவார்? சீட்டில் 'வாக்கிங்' என்று எழுத மருத்துவரின் கை போதும். நடைபாதையை மீட்கவும், விளக்கைப் போடவும், பூங்காக் கதவைப் பத்து மணிவரை திறந்து வைக்கவும் மாநகராட்சியின் கையெழுத்து வேண்டும்.