தண்ணியில கண்டமா? வெங்காயம்!

ஆகஸ்ட் 15 லீவு வந்தாலே நம்ம திருவண்ணாமலைப் பசங்களுக்கு சாத்தனூர் அணைதான். பைக், பிரியாணி, செல்ஃபி எல்லாம் ரெடி. நீச்சல் மட்டும் தெரியாது! எவனாவது மூழ்கிட்டா, "அவனுக்குத் தண்ணியில கண்டம்"னு ஜாதகத்து மேல பழி.

கண்டமாவது வெங்காயமாவது! மதகைத் திறந்தா தென்பெண்ணையில தண்ணி மளமளன்னு ஏறும். 2024 டிசம்பர்ல விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல திறந்ததை மறந்துட்டோமா?

இன்னொண்ணு மக்களே. மூழ்குறவன் சினிமா மாதிரி கத்த மாட்டான், மூச்சுக்கே திணறுவான். காப்பாத்தக் குதிக்கிற நண்பனையும் பிடிச்சு அமுக்கிடுவான். குதிக்காதீங்க! வேட்டி, துப்பட்டா, காலி கேன்னு கைக்குக் கிடைச்சதை வீசுங்க. கரையில நின்னு இழுங்க.

பி.காம். படிக்கிறோமே, உயிரை எந்தக் கணக்குல நஷ்டம் எழுதுவோம்?