போனில் படித்தாலும் நாவல்தான், ஆனால் வீட்டில் யாருக்குத் தெரிகிறது?

"எல்லாம் போன்லயே கிடைக்குதுங்க, புத்தகத்தை வேற தூக்கிட்டு அலையணுமா?" வளைகுடாவில் வாசிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் வருகிற முதல் பதில் இது. 30 கிலோ லக்கேஜில் ஊறுகாய்க்கும் மருந்துக்கும் இடம் ஒதுக்குகிறவர்களிடம் இதை மறுத்துப் பேச முடியாது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. கிண்டிலில் 2016 இறுதியில் தமிழ் வந்தது. துபாயில் பெட் ஸ்பேஸில் இருப்பவருக்கு இவை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அங்கே தங்கியவர்களுக்குத்தான் தெரியும். ஒரே அறையில் ஒருவர் நைட் ஷிஃப்ட், ஒருவர் டே ஷிஃப்ட். லைட் போட்டால் மேல் கட்டிலிலிருந்து சத்தம் வரும். போர்வைக்குள் போனின் வெளிச்சத்தில் படித்தால்தான் உண்டு.

சரி, காகிதத்தில் படிப்பதும் திரையில் படிப்பதும் ஒன்றா? 54 ஆய்வுகளை, 1.7 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2018-இல் வந்தது. தகவல் கட்டுரைகளைப் படிக்கும்போது காகிதத்தில் புரிதல் கூடுகிறது. கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை என்றது. அடுத்த ஆண்டே 50 பேரிடம் 28 பக்கக் கதை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான சோதனைகளில் இரு தரப்பும் சமம். எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதில் மட்டும் கிண்டிலில் படித்தவர்கள் தடுமாறினார்கள். ஆக, போனில் நாவல் படிப்பவர் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷனை அணைத்து வைத்தால் போதும்.

இலக்கியக் கதைகள் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறனைக் கூட்டுகின்றன என்று 2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. பிறகு மற்றவர்கள் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஒரு கதை படித்ததும் மனிதன் மாறிவிடுவான் என்று நானும் நம்பவில்லை. ஆனால் பென்யாமினின் 'ஆடுஜீவிதம்' என்ன செய்தது என்று பாருங்கள். பஹ்ரைனில் வேலை பார்த்துக்கொண்டே அவர் எழுதி, 2008-இல் மலையாளத்தில் வந்த நாவல். ரியாத் விமான நிலையத்திலிருந்து பாலைவன ஆட்டுக்கொட்டிலுக்குக் கொண்டுபோகப்பட்ட நஜீபின் கதை. தமிழிலும் கிடைக்கிறது, 2024-இல் படமாகவும் வந்துவிட்டது. அதைப் படித்த பிறகு, ஜூலை வெயிலில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பவரை ஏசி காரிலிருந்து பார்க்கும் பார்வை கொஞ்சமாவது மாறும். அவர் நம்மூர்க்காரராகவும் இருக்கலாம். ஃபிளாட்டில் இருக்கும் தமிழருக்கும் கேம்ப்பில் இருக்கும் தமிழருக்கும் இடையே இங்கே பேச்சு குறைவு.

தமிழிலும் மீரான் மைதீனின் 'அஜ்னபி' இருக்கிறது. அரபியில் அந்நியன் என்று பொருள். இங்கே பள்ளியில் அரபி படித்த நம் பிள்ளைகளுக்குத் தலைப்பு உடனே புரியும், உள்ளே இருக்கும் தமிழைத்தான் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும். வந்த புதிதில் பட்ட பாட்டை எந்த அப்பாவும் பிள்ளையிடம் முழுசாகச் சொல்வதில்லை. நாவல் சொல்லிவிடும்.

அச்சுப் புத்தகத்துக்காக நான் வாதாடுவது இந்த இடத்தில்தான். அப்பா போனில் நாவல் படித்தாலும் ரீல்ஸ் பார்த்தாலும் பிள்ளைக்கு எல்லாம் ஒன்றுதான், "அப்பா போன்ல இருக்காரு." கையில் புத்தகம் இருந்தால், அது என்ன என்று கேட்கும். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாசித்துக் காட்டலாம். 1950 முதல் 54 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது எத்தனையோ வீடுகளில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். இன்று ஷார்ஜா–துபாய் டிராஃபிக்கில் அதையே ஆடியோவாகக் குடும்பத்தோடு கேட்கலாம், நேரத்துக்கா பஞ்சம்?

நம் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. ஷார்ஜா புத்தகக் கண்காட்சியில் மலையாளிகள் குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். நாம் ஸ்டார் நைட்டுக்கு ஆள் திரட்டுகிறோம். அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து நாலு கேம்ப்களில் ஆளுக்கொரு அலமாரி வையுங்கள். முதல் தட்டில் 'அஜ்னபி' இருக்கட்டும்.