மேடையேற விடாமல் தடுத்துவிட்டு ‘யார் பெரியவன்’ என்று கேட்காதீர்கள்

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் தம்பிகளுக்குள் போன வாரம் ஒரு வாக்குவாதம். உலகின் தலைசிறந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர் யார்? ஒருவன் முகமது அலி என்றான். இன்னொருவன் மைக் டைசன் என்றான். மூன்றாமவன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டான்: “ராக்கி மார்சியானோ. 49 சண்டை, 49 வெற்றி. ஒரு தோல்விகூட இல்ல. கணக்கு பொய் சொல்லாதுக்கா.”

கணக்கு பொய் சொல்லாது, சரி. ஆனால் யாரைச் சேர்த்துக்கொண்டு எழுதினார்கள், யாரை வெளியே நிறுத்திவிட்டு எழுதினார்கள் என்பதையும் அது சொல்லாது. அன்று அவனிடம் இரண்டு வரியில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெவ்வேறு காலத்துச் சாம்பியன்களை மோதவிட்டுப் பார்க்கும் ஆசை புதிதல்ல. 1967இல் அமெரிக்காவில் பழைய சாம்பியன்களின் விவரங்களையெல்லாம் கணினியில் கொடுத்து, அது சொன்ன முடிவுகளை வானொலியில் சண்டை வர்ணனையாகவே ஒலிபரப்பினார்கள். அதில் அலி, ஜிம் ஜெஃப்ரிஸ் என்ற வெள்ளை வீரரிடம் தோற்றார். கடைசியில் கோப்பை மார்சியானோவுக்கு. அலி கொதித்துப்போய் வழக்குப் போட்டார். பிறகு 1969இல் அலியையும் ஓய்வுபெற்றிருந்த மார்சியானோவையும் கேமரா முன் நிறுத்திப் பல முடிவுகளைப் படம்பிடித்தார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் மார்சியானோ 13ஆவது சுற்றில் அலியை வீழ்த்தினார். ஐரோப்பாவில் காட்டிய பதிப்பிலோ அலி வென்றார்! கணினியின் நடுநிலை அவ்வளவுதான்.

அந்தப் படம் ஓடியபோது நிஜ அலி எங்கே இருந்தார்? வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967இல் பட்டத்தைப் பிடுங்கி, உரிமத்தையும் ரத்து செய்திருந்தார்கள். 25 வயதிலிருந்து 28 வயதுவரை, ஒரு வீரனின் உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம் முழுக்க அவர் மேடையேறவில்லை. அந்த மூன்றரை ஆண்டுகளை எந்தக் கணினியில் போட்டுக் கணக்குப் பார்ப்பது?

அந்த ஜெஃப்ரிஸ் யார் என்று தெரிந்தால் இன்னும் கோபம் வரும். அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும். 1892இல் அன்றைய சாம்பியன் ஜான் எல். சல்லிவன், கறுப்பரோடு சண்டையிட மாட்டேன் என்று பகிரங்கமாகவே அறிவித்தார். யாரும் அவரைக் கோழை என்று சொல்லவில்லை. அதைக் கௌரவம் என்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரர், ஜேம்ஸ் கார்பெட்டோடு 61 சுற்றுகள் மோதி வெற்றி தோல்வியின்றி முடித்திருந்தார். அந்தக் கார்பெட் சல்லிவனை வென்று சாம்பியனானார். ஜாக்சனுக்குப் பட்டத்துக்கான சண்டை கடைசிவரை கிடைக்கவில்லை. இதற்கு ‘நிறக்கோடு’ என்று பெயர். சட்டப் புத்தகத்தில் எழுதாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த கோடு. இப்படிப்பட்ட கோடுகளைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஜெஃப்ரிஸும் சாம்பியனாக இருந்தவரை அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. 1905இல் ‘தோல்வியே காணாதவர்’ என்ற பெருமையோடு ஓய்வு பெற்றார். 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜாக் ஜான்சன் முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனானதும் வெள்ளை உலகம் பதறியது. எழுத்தாளர் ஜாக் லண்டனே, ஜெஃப்ரிஸ் திரும்பி வந்து ஜான்சனின் சிரிப்பை அடக்க வேண்டும் என்று பத்திரிகையில் எழுதினார். வந்தார். 1910 ஜூலை 4, ரீனோ நகரம், 15ஆவது சுற்று. ஜெஃப்ரிஸ் விழுந்தார். அன்றிரவு அமெரிக்க நகரங்களில் வெள்ளைக் கும்பல்கள் கறுப்பர்கள் மீது பாய்ந்தன, பலர் கொல்லப்பட்டார்கள். 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகத் தடைச் சட்டமே வந்தது. 1913இல் வெள்ளைப் பெண்ணோடு பழகியதைக் குற்றமாக்கி, முழுக்க வெள்ளையர்களே அமர்ந்த ஜூரி ஜான்சனைக் குற்றவாளி என்றது. அந்தத் தண்டனைக்கு மன்னிப்பு வந்தது 2018இல். அவர் இறந்தே 70 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நிஜத்தில் ஜான்சனிடம் வீழ்ந்த இந்த ஜெஃப்ரிஸைத்தான் கணினி அலிக்கு மேலே தூக்கி வைத்தது.

1915இல் ஜான்சன் பட்டத்தை இழந்தார். அதன்பின் 22 ஆண்டுகள் ஒரே ஒரு கறுப்பின வீரருக்குக்கூட ஹெவிவெயிட் பட்டத்துக்கான வாய்ப்பு தரப்படவில்லை. ஜாக் டெம்ப்சி பெரிய சாம்பியன் என்று கொண்டாடுகிறார்களே, ஹாரி வில்ஸ் அவருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். 1925இல் ஒப்பந்தம்கூடக் கையெழுத்தானது. சண்டை நடக்கவே இல்லை. வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப மோதினார்கள். வில்ஸும் சாம் லாங்ஃபோர்டும் மட்டும் 15 முறைக்கு மேல் மோதியிருக்கிறார்கள். 1909இல் பாரிஸில் ஜோ ஜெனெட்டும் சாம் மெக்வேயும் 49 சுற்றுகள் அடித்துக்கொண்டார்கள். 50ஆவது சுற்றுக்கு மெக்வேயால் எழ முடியவில்லை. தம்பி, உன் கைப்பேசியில் இந்த 49 வந்ததா? லாங்ஃபோர்ட் கடைசியில் பார்வையிழந்து, கையில் காசில்லாமல் ஹார்லெமில் ஒரு சின்ன அறையில் கிடந்ததை 1944இல் ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தார்.

1937இல் ஜோ லூயிஸுக்குக் கதவு திறந்தது. அதற்கும் கூலி கேட்டார்கள்: பட்டத்தைப் பணயம் வைக்க ஒத்துக்கொள்வதற்காக, சண்டைகளை நடத்துபவரின் லாபத்தில் பத்தாண்டுகளுக்கு 10 சதவீதம் என்று சாம்பியன் பிராடக் தரப்பு பேரம் பேசி வாங்கியது. லூயிஸுக்கு அவருடைய சொந்த நிர்வாகிகளே விதி போட்டார்கள்: வீழ்ந்த எதிரியின் முன் கொக்கரிக்கக் கூடாது, வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தனைக்கும் நடுவில் 25 முறை பட்டத்தைத் தக்கவைத்தார். போர்க்காலத்தில் சண்டைப் பணத்தை ராணுவ நிவாரண நிதிக்குக் கொடுத்தார். அதே அரசின் வரிக் கடன் கழுத்தை நெரித்ததால் ஓய்விலிருந்து திரும்பி வந்து, 1951இல், 37 வயதில், மார்சியானோவிடம் அடி வாங்கி விழுந்தார். அந்த 49இல் அதுவும் ஒன்று.

மார்சியானோவைக் குறை சொல்லவில்லை. செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன் அவர். வால்காட், சார்ல்ஸ், மூர் என்று கறுப்பின வீரர்களை எதிர்கொண்டு வென்றவர். என் சண்டை அவரோடு அல்ல. தோல்வியில்லாத எண்ணையெல்லாம் ஒரே தராசில் வைத்து, யாரைத் தவிர்த்து வந்த எண் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்லும் புத்தியோடுதான்.

நம் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஜாக் ஜான்சன் சாம்பியனானபின் லாங்ஃபோர்டுக்கும் ஜெனெட்டுக்கும் மெக்வேக்கும் வாய்ப்பே தரவில்லை. அவர் பட்டத்துக்காக எதிர்கொண்ட ஒரே கறுப்பின வீரர், 1913இல் பாரிஸில், ஜிம் ஜான்சன். வெள்ளையரோடு மோதினால்தான் பணம் என்பது காரணமாக இருக்கலாம். ஆனாலும் வெளியே நின்றவர்களுக்குக் கதவு கதவுதான். அலியும் அப்படித்தான். தடைக்காலத்தில் அலிக்குப் பணம் கொடுத்து உதவி, உரிமம் திரும்பக் கிடைக்கக் குரல் கொடுத்தவர் ஜோ ஃப்ரேஸியர். தெற்குக் கரோலினாவின் கூலி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவரைத்தான் அலி ‘கொரில்லா’ என்றும் வெள்ளையரின் அடிமை என்றும் கேலி பேசினார். நிறவெறியர்களின் வசவையே எடுத்துத் தன் சகோதரன் மேல் வீசினார். பின்னாளில் வருத்தம் தெரிவித்தார், ஆனால் ஃப்ரேஸியரின் காயம் லேசில் ஆறவில்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே படிநிலை பார்க்கும் நம்மில் சிலரும் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இது அமெரிக்காவின் கதை மட்டுமல்ல. பல்வங்கர் பாலு 1911இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்த தலித் பந்துவீச்சாளர். சக வீரர்கள் உள்ளே தேநீர் குடிக்க, அவருக்கு வெளியே மண் குவளை. இந்துக்கள் அணிக்குக் கேப்டனாக அவரை நியமிக்கவே இல்லை. ‘சிறந்த கேப்டன்கள்’ பட்டியலில் அவர் பெயர் எப்படி வரும்?

நாளை கல்லூரியில் உங்களிடமும் ஒருவன் சொல்வான்: “கட்-ஆஃப் பொய் சொல்லாது, தகுதிதான் முக்கியம்.” அப்போது கோபப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். போட்டியில் யாரையெல்லாம் சேர்த்தீர்கள்? யாரை எவ்வளவு காலம் வெளியே நிறுத்தினீர்கள்? உள்ளே விட்டபோது என்ன நிபந்தனை போட்டீர்கள்? பதில் சொன்னபிறகு யார் பெரியவன் என்று பேசலாம்.

என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலில் முதலிடம் காலியாகவே இருக்கட்டும். பீட்டர் ஜாக்சனும் லாங்ஃபோர்டும் வில்ஸும் மேடையேறியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாமல் போனதற்கு அவர்கள் காரணம் அல்ல.

ஜெய்பீம்.