மெஷின் வாத்தியாரும் அரைப் படி அரிசியும்

போன மாதம் எனக்கும் என் மகளுக்கும் பெரிய வாக்குவாதம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. சொத்துத் தகராறோ என்று நினைக்காதீர்கள். பின்னக் கணக்குத் தகராறு.

பேத்திக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போவதில்லை. கொரோனாவில் ஊரே அடைந்து கிடந்தபோது எல்.கே.ஜி. சேர வேண்டியவள், சேர்க்கவில்லை. அதன் பிறகு மகளும் மாப்பிள்ளையும் வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். பதினாலு வயதானால் என்.ஐ.ஓ.எஸ். என்கிற திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிக்கொள்ளலாம், அதுவரை என்ன அவசரம் என்பது அவர்கள் கட்சி. முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு பார்த்தால் குழந்தை தமிழ் தடங்கலில்லாமல் வாசிக்கிறாள், தெருவில் உள்ள மரத்துக்கெல்லாம் பெயர் சொல்கிறாள், பெரியவர்களிடம் கூச்சமில்லாமல் பேசுகிறாள். வாயை மூடிக்கொண்டேன். வீட்டுப் படிப்பின் மேல் எனக்குச் சண்டை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சண்டை கணக்கின் மேல். மற்ற பாடமெல்லாம் அம்மா சொல்லிக்கொடுக்கிறாள்; கணக்குக்கு மட்டும் கம்ப்யூட்டர். ஆண்டுச் சந்தா கட்டி ஒரு புரோகிராம் வாங்கியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம். தினமும் காலை பத்து மணிக்குக் குழந்தை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். திரையில் ஒரு நரிக்குட்டி வந்து அமெரிக்க ஆங்கிலத்தில் பேசும். கேள்வி வரும், கீழே நாலு விடை வரும், ஒன்றைத் தொட வேண்டும். சரியென்றால் நரிக்குட்டி கைதட்டும், நட்சத்திரம் விழும். தப்பென்றால் ஒரு குறிப்பு வரும். இன்னொரு தடவை தப்பென்றால் முழுக் கணக்கையும் அதுவே போட்டுக் காட்டிவிடும். அடுத்த கேள்வியும் அதே அச்சில்தான் வரும், எண் மட்டும் வேறு. வாரக் கடைசியில் அம்மாவுக்கு மின்னஞ்சலில் ரிப்போர்ட்: பின்னம், தேர்ச்சி, நூற்றுக்கு நூறு.

அந்த நூற்றுக்கு நூறு வந்த அன்று மத்தியானம் விளையாட்டாக ஒரு தாளில் 1/2, 3/4 என்று எழுதி, எது பெரிசு என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஒன் பை டூ" என்றாள்.

"எப்படிடா கண்ணு?"

"கீழ சின்ன நம்பர் இருந்தா பெரிசு தாத்தா. அவ்வளவுதான் ரூல்."

பாடத்தைத் திறந்து பார்த்தேன். 1/4, 1/6, 1/3, 1/8, 1/2, 1/5. அந்தப் பாடம் முழுக்க மேலே ஒன்றுதான். அதில் அவளுடைய ரூல் ஒரு தடவைகூடத் தப்பாது. நாற்பது கேள்விக்கும் சரியான விடை, நாற்பது தடவை கைதட்டல். தப்பான ஒரு விஷயத்தை நாற்பது தடவை கைதட்டி உறுதியாக்கியிருக்கிறது அந்த நரி.

வேடிக்கை இனிமேல்தான். "அரைக் கிலோ பெரிசா, முக்கால் கிலோ பெரிசா?" என்று கேட்டேன். என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "முக்கால் கிலோதான். இதுகூடத் தெரியாதா?" பாட்டியோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போகிற குழந்தை, தெரியாமல் இருக்குமா? அரை, கால், முக்கால் எல்லாம் அவளிடம் இருக்கின்றன. அவற்றுக்கும் திரையில் வரும் ஒன் பை டூவுக்கும் சொந்தம் உண்டு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நரிக்குட்டிக்குக் கால் என்றால் என்ன, அரைக்கால் என்றால் என்ன தெரியும்? அதற்குத் தெரிந்ததெல்லாம் டாலர், அங்குலம், பீட்சா. பாட்டி பத்து லட்சம் என்பதை அது ஒரு மில்லியன் என்கிறது. நமக்குப் பின்னத்துக்கென்றே பேர் பேராக வைத்திருக்கிறார்கள்: அரைக்காலுக்குக் கீழே வீசம், மா, காணி என்று முந்திரிவரை, அதாவது 320இல் ஒரு பங்குவரை. அதை எல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் கையில் இருக்கும் அரையையும் முக்காலையும்கூட விட்டுவிட்டா கணக்கு சொல்லிக்கொடுப்பது?

இது புதிய கூத்தும் இல்லை. 1953இல் அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். பிள்ளைகள் கணக்கைப் போட்டுவிட்டு அது சரியா தப்பா என்று தெரியாமல் காத்துக்கிடப்பதைப் பார்த்துவிட்டு, உடனுக்குடன் விடை சொல்லும் ஒரு பெட்டியைச் செய்தார். இன்றைய நரிக்குட்டிக்கு அந்தப் பெட்டிதான் தாத்தா. அதற்கு இருபது வருஷம் கழித்து, 1973இல், எர்ல்வாங்கர் என்கிற ஆராய்ச்சியாளர் ஒரு கட்டுரை எழுதினார். பென்னி என்கிற பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றியது. அவன் பள்ளியில் கணக்கை வாத்தியார் வகுப்பெடுத்துச் சொல்லித்தருவதில்லை. அவரவர் வேகத்தில் தாளை எடுத்துப் படித்து, பரீட்சை எழுதி, எண்பது சதவீதம் வாங்கினால் அடுத்த தாள். கம்ப்யூட்டர் கிடையாது, ஏற்பாடு இதுவேதான். பென்னி அதில் நன்றாக முன்னேறிக்கொண்டிருந்த பையன். உட்காரவைத்துப் பேசிப் பார்த்தால், 2/10 என்பதைத் தசமத்தில் 1.2 என்கிறான். மேலேயும் கீழேயும் கூட்டிப் புள்ளி வைத்துவிடுகிறான்! 5/10 என்றால் 1.5. கணக்கு என்பது யாரோ கண்டுபிடித்து வைத்த விதிகள், விடைக் குறிப்பில் என்ன இருக்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான். அந்தக் கட்டுரையைப் பற்றிப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவனுடைய ரூலும் என் பேத்தியின் ரூலும் அண்ணன் தங்கை.

மகளிடம் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள், வாத்தியாரால் ஒவ்வொன்றையும் கவனிக்க முடியாது என்றுதானே வீட்டில் வைத்துக்கொண்டீர்கள்? வீட்டுப் படிப்பில் இருக்கிற ஒரே லாபம், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, அது எங்கே வழி தவறுகிறது என்று பார்க்க முடியும் என்பதுதானே? அந்த லாபத்தைத் தூக்கி ஒரு மெஷினிடம் கொடுத்துவிட்டு, அதற்குச் சந்தாவும் கட்டுகிறீர்களே என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "அப்பா, எட்டாம் வகுப்புல எனக்கு சமன்பாடு சொல்லிக்கொடுத்தீங்க. நோட்டைத் தூக்கி முற்றத்துல எறிஞ்சீங்க. ஞாபகம் இருக்கா? அன்னையிலிருந்து எனக்குக் கணக்குன்னா வயிறு கலங்கும். இவ பக்கத்துல நான் உட்கார்ந்தா அந்தப் பயம் இவளுக்கும் ஒட்டிக்கும். இந்த மெஷின் கத்தாது, எறியாது. அதுக்குத்தான் காசு கட்டறேன்."

ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. என் மனைவியைக் கேட்டேன். "மழைத்தண்ணியில விழுந்துச்சு. நான்தான் காயவெச்சேன்" என்றாள்.

அதற்குப் பதில் தேடித்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

நான் கணக்குப் படித்தது பிரெஞ்சில். எங்கள் வகுப்பில் மனக்கணக்குக்கு லா மார்த்தினியேர் முறை என்று ஒன்று. லியோன் நகரத்து லா மார்த்தினியேர் பள்ளியின் பெயர் அது. ஆளுக்கொரு சிலேட்டு, பல்பம். வாத்தியார் கணக்கை ஒரு தடவை சொல்வார். மேஜையில் ஒரு தட்டு, எழுதுவோம். இன்னொரு தட்டு, எல்லோரும் சிலேட்டைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ஒரே பார்வையில் அத்தனை விடையையும் பார்த்துவிடுவார். இதுவும் மெஷின் மாதிரிதானே என்பீர்கள். அதுவரை அப்படித்தான். ஆனால் பிறகு தப்பான சிலேட்டிடம் வந்து நின்று, "கொமான்?" என்பார். எப்படி வந்தது? சொல்ல வேண்டும். நாம் சொல்லச் சொல்ல நம் தப்பு நமக்கே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மர ஸ்கேல் விரல் முட்டியில் இறங்கும்.

அவரிடம் நான் நன்றாகத்தான் படித்தேன். பிற்பாடு அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக, வரவு செலவுப் பதிவேட்டில் பக்கம் பக்கமாகக் கூட்டல் போட்டபோது, வாய் முணுமுணுத்ததெல்லாம் பிரெஞ்சுதான். தொண்ணூறு என்பதை நாலு இருபதும் பத்தும் என்று சொல்கிற பாஷை அது. எண்ணைச் சொல்வதே ஒரு கணக்கு. பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிப்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும், அச்சாகி வந்த கூட்டுத்தொகையை ஒரு தடவை விரலால் ஓட்டிப் பார்க்காமல் நான் கையெழுத்துக்கு அனுப்பியதில்லை. அதெல்லாம் அவர் கொடுத்தது. அந்த ஸ்கேலும் அவர் கொடுத்ததுதான். அதைத்தான் நான் முற்றத்தில் எறிந்திருக்கிறேன்.

ஆகவே மகள் சொன்னதில் பாதி நியாயம். மெஷின் அடிக்காது, கத்தாது, சலித்துக்கொள்ளாது. வாய்ப்பாடு உரு ஏற்ற அதைவிட நல்ல ஆள் இல்லை. அதற்குப் பதினைந்து நிமிஷம் கொடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதற்குக் "கொமான்?" என்று கேட்கத் தெரியாது. குழந்தை சொல்கிற விசித்திரமான வழியைக் காது கொடுத்துக் கேட்கத் தெரியாது. தொட்ட கட்டம் சரியா, தப்பா, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கத்தாமல் கேட்கிற ஒரு பெரியவர் வேண்டும். அப்பன் கத்தினான் என்பதற்காகப் பெரியவர்களே வேண்டாம் என்று ஒதுங்கினால், நஷ்டம் குழந்தைக்கு. கணக்கு தெரியாத அம்மாவாக இருந்தால் இன்னும் நல்லது என்பேன்; "எனக்கும் புரியலை, நீ எப்படிப் போட்டே, சொல்லு" என்று அவள் நிஜமாகவே கேட்க முடியும். நமக்குத்தான் பாதியில் விடையைச் சொல்ல வாய் துறுதுறுக்கும். மாப்பிள்ளையும் உட்காரலாம், தப்பில்லை. வீட்டுப் படிப்பு என்கிறோம், முழுச் சுமையும் அம்மா தலையில்.

பிரான்சில் இருக்கும் உறவினர்களிடம் விசாரித்தேன். அங்கே வீட்டில் வைத்துப் படிக்கவைக்க 2022 முதல் அரசின் அனுமதி வேண்டும். அதற்கு முன் தெரிவித்தால் போதுமாக இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரி பிள்ளையைச் சோதித்துப் பார்க்கிறார். அந்தக் கெடுபிடி இங்கேயும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இங்கே யாரும் வந்து கேட்பதில்லை. வாராவாரம் வரும் ரிப்போர்ட்டை விட்டால் வேறு சாட்சியே கிடையாது. முப்பத்தைந்து வருஷம் ரிப்போர்ட் எழுதியே பிழைத்தவன் சொல்கிறேன்: எழுதுகிறவன் எதைப் பார்த்தானோ அதுதான் ரிப்போர்ட்டில் இருக்கும்.

மூன்றாம் நாள் என் மனைவி எங்கள் இருவரையும் கேட்காமல் பரணிலிருந்து பழைய பித்தளைப் படியையும் ஆழாக்கையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். பேத்தியைக் கூப்பிட்டு அரிசி அளக்கச் சொன்னாள். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. அரைப் படிக்கு நாலு. முக்கால் படிக்கு ஆறு. குழந்தை தரையெல்லாம் அரிசி இறைத்துக்கொண்டு அளந்தாள். நான் தாளில் 1/2, 3/4 என்று எழுதி அந்தந்தக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தேன். வேறு ஒன்றும் பேசவில்லை. பேசக் கூடாது என்று உத்தரவு.

வெகுநேரம் தாளையும் அரிசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப என் ரூல் தப்பா?"

"எப்பத் தப்பு, எப்ப சரி?" என்று கேட்டது நான் இல்லை, என் மகள். எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை.

"மேல ஒண்ணு இருந்தாதான் சரி போல" என்றாள் குழந்தை. பிறகு, "இரு, இரு. மேல ரெண்டுலயும் ஒரே நம்பர் இருந்தாலும் சரியாத்தான் வரும்" என்றாள். இதை நரிக்குட்டி சொல்லித்தரவில்லை, நானும் சொல்லித்தரவில்லை.

இப்போது சாயங்காலம் அரை மணி நேரம் அம்மாவும் பெண்ணும் தரையில் உட்காருகிறார்கள். நான் கூடத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கிறேன். இரண்டு தடவை வாய் திறந்தேன், இரண்டு தடவையும் மனைவி கண்ணாலேயே அடக்கிவிட்டாள். காலையில் நரிக்குட்டியும் நடக்கிறது. சந்தா அடுத்த மாதம் பத்தாம் தேதியோடு முடிகிறதாம். புதுப்பிக்கப் போகிறாளா என்று நான் இன்னும் கேட்கவில்லை.