கொலைக்கும் கொலைக்கும் வித்தியாசம் உண்டு

“உசுருன்னா எல்லாம் ஒண்ணுதானுங்களே? சொத்துக்காகக் கொன்னா ஒரு தண்டனை, சாதிக்காகக் கொன்னா அதைவிடப் பெரிய தண்டனையா?” காரமடையில் ஒரு கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் இப்படிக் கேட்டதும் பலத்த கைதட்டல். வெறுப்பால் செய்யும் குற்றத்துக்குத் தனிச் சட்டமோ கூடுதல் தண்டனையோ கூடாது என்பது அவர் கட்சி. மேட்டுப்பாளையத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்படிப் பேச ஒருவருக்கு எப்படி வாய் வந்தது?

2019 ஜூன் 25. மேட்டுப்பாளையம் சீரங்கராயன் ஓடையில் குடியிருந்த ஓர் இளம் ஜோடி. பெண் பட்டியல் சாதி, பையன் வேறு சாதி. அரிவாளோடு வந்தவன் பையனின் கூடப்பிறந்த அண்ணன். தம்பி அங்கேயே செத்தான். வெட்டுப்பட்ட பெண் சில நாள் கோவை ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிச் செத்தாள். வழக்கில் நிரூபணமான காரணம் வரப்புத் தகராறு அல்ல, பாகப்பிரிவினையும் அல்ல. தம்பி விரும்பிய பெண்ணின் சாதி. 2025 ஜனவரியில் கோவை சிறப்பு நீதிமன்றம் அண்ணனுக்கு மரண தண்டனை விதித்தது. கூடக் குற்றம் சாட்டப்பட்ட மூவரை விடுவித்தது.

சொத்துக்காக ஒருவனை வெட்டினால் அந்த ஊரில் சொத்து இல்லாதவன் பயப்படுவதில்லை. சாதிக்காக வெட்டினால், ஒரே மில் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் பையனும் பெண்ணும் மறுநாள் பேசிக்கொள்ளப் பயப்படுகிறார்கள். பட்டியல் சாதித் தாய் ‘யாரோடயும் பழகாதடா’ என்று மகனிடம் கெஞ்சுகிறாள். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை, பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைவீதியில், சாதி மாறி மணந்த சங்கரையும் கௌசல்யாவையும் பட்டப்பகலில் வெட்டினார்கள். ஆள் நடமாட்டம் மிகுந்த இடம், மேலே கேமரா. ஊர் பார்க்கட்டும் என்றுதான் அந்த இடம். செத்தது சங்கர், மிரட்டப்பட்டது ஒரு தலைமுறை. அந்த மிரட்டலுக்கும் சேர்த்துத்தான் தண்டனை கேட்கிறோம். உயிருக்கு விலை கூட்டிக் குறைத்துப் பேசவில்லை.

“மனசுக்குள்ள இருக்கிறதை கோர்ட் எப்படிங்க பார்க்கும்?” என்று அடுத்த கேள்வி. கருப்புக் கோட்டுப் போட்டவர் கேட்கக் கூடாத கேள்வி இது. தினமும் கோர்ட் பார்ப்பது அதைத்தானே? கொலைக்கும், கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் நடுவில் இருப்பது மனதில் இருந்த நோக்கம். பக்கத்து வீட்டுக்காரன் மேல் கை ஓங்கினால் அதிகபட்சம் மூன்று மாதம். வேலையைத் தடுக்க வேண்டுமென்று வி.ஏ.ஓ. மேல் அதே கையை ஓங்கினால் இரண்டு வருடம். வரதட்சணைச் சாவுக்குத் தனிப் பிரிவு, குறைந்தது ஏழாண்டுச் சிறை. இவற்றையெல்லாம் எதிர்த்து அவர் எந்த மேடையிலும் முழங்கியதில்லை. அரசு ஊழியருக்கான கூடுதல் பாதுகாப்பு உறுத்தாதவருக்கு அருந்ததியர் தெருவுக்கான பாதுகாப்பு மட்டும் ஏன் உறுத்துகிறது?

பிறகு வந்தது கொங்கு மேடைகளின் பழைய பாட்டு: “பி.சி.ஆர். போட்டு மிரட்டறாங்க.” பொய் வழக்கு எந்தச் சட்டத்திலும் உண்டு, செக் மோசடியிலும் உண்டு. அதற்காகச் சட்டத்தையே எடு என்று யாரும் கேட்பதில்லை. விடுதலையான வழக்கெல்லாம் பொய் வழக்கு என்று கணக்குக் காட்டுவது அதைவிடப் பெரிய அநியாயம். சாதி ஆணவத்தால் கொல்லப்பட்ட கோகுல்ராஜின் வழக்கில் முக்கியச் சாட்சியே பிறழ்சாட்சியானார். திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் கேமரா பதிவு மட்டும் இல்லாமல் போயிருந்தால் அதுவும் ‘பொய் வழக்கு’ப் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

பி.சி.ஆர். என்று இவர்கள் சொல்லும் வன்கொடுமைச் சட்டம் கேட்ட ஆதாரமும் லேசுப்பட்டதல்ல. ஆந்திரத்தில் பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண்ணை வன்புணர்ந்தவனுக்கு ஆயுள் தண்டனையை 2021இல் உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், சாதியை முன்னிட்டுச் செய்தான் என்பது நிரூபணமாகவில்லை என்று வன்கொடுமைச் சட்டப் பிரிவை மட்டும் நீக்கியது. பாதிக்கப்பட்டவரின் சாதி தெரிந்து செய்தாலே போதும் என்ற திருத்தம் 2016 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. அந்தக் குற்றம் அதற்கு முந்தியது.

கடைசி வாதம்: கடுந்தண்டனையால் குற்றம் குறையாதாம். தூக்கு வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. உடுமலை வழக்கில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு விதித்த தூக்கு 2020இல் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கௌசல்யாவின் தந்தை விடுதலையானார், மற்ற ஐவருக்கு ஆயுளாகக் குறைந்தது. கோகுல்ராஜ் வழக்கில் முதன்மைக் குற்றவாளி யுவராஜுக்குக் கிடைத்ததுபோல், சாகும்வரை சிறை என்பதே சரியான தண்டனை. பயம் வருவது தண்டனை நிச்சயம் என்றால்தான் என்கிறாரே, அது உண்மை. அப்படியானால் வன்கொடுமைச் சட்டத்தின் சிறப்பு நீதிமன்றத்தையும், இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்கச் சொல்லும் விதியையும், முன்ஜாமீன் மறுப்பையும் அவர் வரவேற்க வேண்டும். அதே கூட்டத்தில் மூன்றையும் எதிர்த்தார். தண்டனை கடுமையாகவும் இருக்கக் கூடாது, நிச்சயமாகவும் இருக்கக் கூடாது என்றால், குற்றவாளிக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதைத் தவிர அவர் வேறென்ன கேட்கிறார்?

சட்டம் அதிகம் என்கிறார். நான் போதாது என்கிறேன். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2), சாதி, மொழி போன்ற காரணங்களுக்காக நடக்கும் கொலையைத் தனியே குறிப்பிடுகிறது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாத கும்பல் செய்திருக்க வேண்டும். ஒற்றை ஆளாக அரிவாள் எடுக்கும் அண்ணன் அதில் மாட்டமாட்டான். வன்கொடுமைச் சட்டமோ செத்தவர் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்தால்தான் வரும். சீரங்கராயன் ஓடையில் அந்தப் பெண்ணுக்காக அது வந்தது. சாதிக்காகவே வெட்டுப்பட்ட தம்பியின் சாவு, சட்டத்தின் கண்ணில் இன்றும் சாதாரணக் கொலைதான்.

நெல்லையில் சாதி ஆணவத்தால் நடந்த கவின் கொலைக்குப் பிறகு, 2025 அக்டோபரில், ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரும் சட்டத்தில் ஆள் எண்ணிக்கை நிபந்தனை இருக்கக் கூடாது. கொன்றவன் அண்ணனா அப்பனா என்று பார்த்துத் தண்டனையைக் குறைக்கக் கூடாது. செத்தவர் எந்தச் சாதி என்பதைவிட எதற்காகக் கொல்லப்பட்டார் என்பதை அது முதலில் கேட்க வேண்டும். காரமடைக் கூட்டத்தில் கைதட்டியவர்கள் இதையும் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.